கறுப்புக்கு ஆசைப்பட்ட பெயின்ட்காரர்

ஊரில் பாதிச் சுவர்கள் பெயின்ட்காரர் கலந்து கொடுத்த நிறத்தில்தான் நிற்கின்றன. பெயின்ட் கடையில் கலர் கலப்பது அவர் வேலை. சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு சில்லைக் கொண்டுபோய் நீட்டினால் போதும். கண்ணை இடுக்கிப் பார்த்து, "நாலு சொட்டு மஞ்சள், ஒரு சொட்டு கறுப்பு" என்பார். தப்பவே தப்பாது. அப்பேர்ப்பட்டவரிடம் அவர் வீட்டுக் கூடத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டால் மட்டும், "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பார்.

இந்தத் தடவை அப்படி விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார். பழைய டிவி கண்ணை மூடிவிட்டது. புதுசு வாங்க வேண்டும். திரை எந்த வகை என்பதைத் தீர்மானிக்கப்போவது தான், தான் மட்டுமே.

எல்லாம் மச்சினனால் வந்த வைராக்கியம். மனைவியின் தம்பி ஞாயிறு தவறாமல் வருவான். வீடியோ கேமில் கார் ஓட்டி அத்தானைத் தோற்கடிப்பான். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவான். பதினொரு ஞாயிறு, பதினொரு தோல்வி. ஒவ்வொரு தடவையும் பெயின்ட்காரர் டிவியைத்தான் குறை சொன்னார். "நான் டக்குனு திருப்பறேன். அது யோசிச்சு யோசிச்சுத் திரும்புது."

"ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்பாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். அதே கூடத்தின் ஜன்னலோரம்தான் அவளுடைய தையற்கடை.

நாலு நாளும் டிவி வகைகளைப் பற்றிப் படித்து, திங்கட்கிழமை மனைவியிடம் நேரடியாகவே பேச்சை எடுத்தார்.

"ஓஎல்இடின்னு ஒரு வகை இருக்கு. அதுல ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. வேண்டாம்னா தானே அணைஞ்சுக்கும். கறுப்புன்னா கும்மிருட்டுக் கறுப்பு. மத்ததுல எல்லாம் பின்னாலேருந்து லைட் அடிக்கும், கறுப்பு சாம்பலாத் தெரியும்."

"கறுப்பைப் பார்க்கவா காசு கொடுத்து டிவி வாங்குவாங்க? பழைய டிவி நாலு நாளா அதைத்தானே காட்டுது."

"உனக்குப் புரியாது. பட்டனை அழுத்தின உடனே வண்டி திரும்பணும். சொன்னதும் கேட்கணும். தாமதமே கூடாது."

"பாத்ரூம் குழாய் சொட்டுதுன்னு போன மாசம் சொன்னேன். நீங்க எந்த வகை ஸ்கிரீன்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. கூடம் கொஞ்சம் இருட்டா இருந்தா நல்லது. ஜன்னல் திரையை இழுத்து விட்டுட்டா..."

மெஷின் நின்றது. மெஷின் ஓடும்வரை அவருக்குப் பயமில்லை. நின்றால்தான் பயம்.

"ஜன்னலை மூடிட்டு ஊசியில நூலை எங்கே கோக்கிறது? உங்க கார் ஹெட்லைட்டு வெளிச்சத்துலயா?"

அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை கடையில் அவருக்கு ஞானம் பிறந்தது. ஒரு வருஷமாக விலை போகாத கத்திரிப்பூ நிற டப்பாக்கள் அலமாரியில் கிடந்தன. பெயின்ட் வாங்க வந்து அந்த நிறத்தைப் பார்த்த ஒரு அம்மாவிடம் அவர் வழக்கம்போல, "அது உங்களுக்கு ஒத்துவராதுங்க" என்றார். "ஏன் ஒத்துவராது?" என்று அந்த அம்மா அதையே இரண்டு டப்பா கேட்டார். இருபது வருஷத் தொழில் ரகசியம் இது. வேண்டாம் என்றால் வேண்டும் என்பார்கள். வீட்டிலும் அதுதானே நடக்கிறது? அவர் கிழக்கு என்றால் அவள் மேற்கு என்பாள். ஒற்றைக் கதவு பிரிட்ஜ் போதும் என்றார், இரட்டைக் கதவு வந்து நின்றது. அப்படியானால் மேற்கு வேண்டுமென்றால் கிழக்கு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இவ்வளவு எளிய கணக்கு கல்யாணமாகி ஒன்பது வருஷமாக எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"யோசிச்சுப் பார்த்தேன். ஓஎல்இடி நமக்கு வேண்டாம்."

"அப்படியாங்க?"

"பகல் வெளிச்சத்துல கொஞ்சம் மங்கலாத் தெரியுமாம். கார் கேம்ல வேகம் காட்டுற மீட்டர் ஒரே மூலையில நிக்குமில்ல? மாசக்கணக்குல அப்படியே ஆடினா அந்தத் தடம் திரையிலேயே பதிஞ்சுடுமாம். நம்ம வீட்டுக்கு மினி எல்இடிதான் சரி. பின்னால பொடிப்பொடியா ஆயிரம் விளக்கு. நடுப்பகல்லயும் பளிச்சுனு இருக்கும்."

சொல்லிவிட்டு மறுப்புக்காகக் காத்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"எவ்வளவு விவரமாப் பேசறீங்க" என்றவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "தம்பி, உங்க அத்தான் டிவியைப் பத்திச் சொல்றதைக் கேளு. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். மச்சினன் முழுசாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "அத்தான், நான் ஓஎல்இடி வாங்கறதா இருந்தேன். நல்லவேளை சொன்னீங்க. உங்களுக்கு இவ்வளவு தெரியும்னு நினைக்கலை" என்றான்.

பதினொரு வாரத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. பெயின்ட்காரருக்குப் பெருமையில் நெஞ்சு விரிந்து சட்டை இறுகியது. என்ன இருந்தாலும் கடையில் போய் அவள் மாற்றிப் பேசாமலா போவாள் என்று நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை டிவி கடையில் இரண்டு வகையும் அக்கம்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. ஓஎல்இடியில் நட்சத்திர வானம். பெயின்ட்காரர் அதன் முன்னால் நின்றுவிட்டார். இருபது வருஷம் கலக்கியும் கைக்கு வராத கறுப்பு. தொட்டால் விரலில் ஒட்டும் போல இருந்தது.

"அண்ணே, இதைக் காட்டட்டுமா?" என்றான் விற்பனைப் பையன்.

"வேண்டாம்ப்பா. எங்க வீட்டுக்காரர் மினி எல்இடின்னு சொல்லிட்டார்" என்றாள் மனைவி.

பெயின்ட்காரருக்கு வேர்த்தது. "நீயும் ஒரு தடவை பார்த்துக்கோயேன். மினி எல்இடி உனக்குப் பிடிக்கலைன்னா தாராளமாச் சொல்லு."

"பிடிக்கலைன்னு சொன்னா?"

அவர் முகம் மலர்ந்தது. "சொன்னா உன் இஷ்டம்தான். நான் குறுக்கே நிப்பேனா?"

"சொல்ல மாட்டேங்க. நீங்க சொன்ன எதையும் நான் கேட்கிறதில்லைன்னு உங்க அக்கா பேசுறாங்க. இதையாவது கேட்டேன்னு இருக்கட்டும்."

"அக்கா கிடக்கிறா. நீ அவ பேச்சையெல்லாம்..."

"இல்லைங்க. நீங்க சொன்னா சொன்னதுதான். இவர்கிட்ட நீங்களே விளக்குங்க, பாவம் குழம்பி நிக்கிறார்."

பக்கத்தில் ஒரு பெரியவர் இரண்டு டிவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. பெயின்ட்காரர் வெளிச்சம், மீட்டர், பொடி விளக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். பெரியவர் தலையாட்டினார். இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். விற்பனைப் பையனே கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "அண்ணே, எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவங்ககூட இப்படிப் புரியவைக்கலை." பேசப் பேச அவருக்கே அது சரியாகப் பட்டது. குரல் கனத்தது, நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியில் பெரியவரும் மினி எல்இடியே வாங்கினார். பெயின்ட்காரர் ஒரு நாட்டை வென்றவர்போல மனைவியைப் பார்த்தார். அவளும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுல ஒரு முடிவு நான் எடுத்திருக்கேன்" என்றார், அவள் காதருகே.

"அதுவும் நல்ல முடிவு" என்றாள்.

பில் போடும் இடத்துக்கு இருவரும் ஜோடியாக நடந்தார்கள்.

"பில்லு இவர் பேர்லயே இருக்கட்டும்மா. டிவியைத் தேர்ந்தெடுத்ததே இவர்தான்" என்றாள் மனைவி.

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்த பெண் சிரித்தாள். "புதன்கிழமை நீங்க வந்து இதை புக் பண்ணினப்பவே அண்ணன் பேர்லதான் போட்டு வச்சிருக்கேன், அக்கா."