இரண்டு டிகிரியில் கொண்டுபோன சாம்பிள்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவோடு எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, ஸ்கூட்டர் ஆகிய மூவரும் சுகம். ஸ்கூட்டருக்கு மட்டும் மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது. அங்கே தாங்களும் அக்காவும் தங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. போன் செய்தால் அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். நான் சொல்லப்போவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற விஷயம் இல்லை. ஆகவே இதைத் தாங்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டு, அக்காவுக்குப் படித்துக் காட்டும்போது விட வேண்டியதை விட்டுவிடவும். குறிப்பாக ஐஸ் பெட்டி வருகிற இடத்தை.

விஷயம் இதுதான் அத்தான். நாங்கள் போய்விட்டோம்! கடைத்தெரு முனையில் மாடியில் இருக்கும் கருத்தரிப்பு கிளினிக்குக்கு இரண்டு மாதமாகப் போய் வந்துகொண்டிருக்கிறோம். எல்லா டெஸ்ட்டும் முடிந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை சிகிச்சை ஆரம்பம்! சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா போன் செய்து உங்கள் தங்கையிடம், "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பாள். இவள், "இல்ல அண்ணி" என்பாள். "எதுக்கும் நீ ஒரு நல்ல டாக்டரைப் பாத்துடு" என்று அக்கா முடிப்பாள். ஒரு நாளும் என்னைப் பார்க்கச் சொன்னதில்லை. நானும் அந்த நேரம் பார்த்து டிவி ரிமோட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டு இவள், "அந்த ரிமோட் சுத்தமாயிடுச்சு, கீழ வைங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். ரெண்டு பேரும்" என்றாள். தபால் ஆபீஸ் கவுன்டரில் நாள் முழுக்க உட்கார்ந்து, வரிசையில் முந்துகிறவனை ஒரே பார்வையில் பின்னால் அனுப்புகிறவள் அவள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

முதல் நாள் டாக்டரம்மா ரொம்பப் பொறுமையாக எல்லாம் கேட்டார். உங்கள் தங்கைக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி ஒரு எக்ஸ்ரே என்று எழுதினார். எனக்கு ஒரே ஒரு டெஸ்ட். அந்த ஒன்று என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை, தாங்கள் உலகம் தெரிந்தவர். நர்ஸ் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து, வழிமுறை அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்து, நின்று நிதானமாக விளக்கினார். அவர் விளக்கியது ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. வெட்கம் ஒரு பக்கம்; இன்னொரு பக்கம் அவர் தலைக்கு மேலே இருந்த ஏசி சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. இருபது வருடம் ஃப்ரிட்ஜும் ஏசியும் கோல்டு ஸ்டோரேஜும் பார்க்கிற மெக்கானிக்குக்கு முன்னால் ஒரு ஏசி ஒழுகினால் அவன் எதைக் கவனிப்பான்? "மேடம், டிரெயின் பைப் அடைச்சிருக்கு, ஒரு ஸ்டூல் குடுங்க" என்று நான் சொன்னதும் உங்கள் தங்கை என் காலை மிதித்தாள். வழிமுறைத் தாளை நாலாக மடித்து, ஏசியிலிருந்து சொட்டும் இடத்தில் போட்டு வைத்தேன். வழுக்கி யாராவது விழுந்துவிடக் கூடாதே!

அங்கேயே அதற்கென்று ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், சுவரில் சிரிக்கிற குழந்தை படம். உள்ளே போய்த் தாழ் போட்டு ஒரு நிமிஷம் ஆகவில்லை, வெளியே வராந்தாவில் ஒரு குரல்: "உள்ள போனது நம்ம மெக்கானிக்தானே? தம்பி, போன வாரம் பாத்தீங்களே, அந்த ஃப்ரீசர்ல மறுபடியும் ஐஸ் கட்டுது!" எங்கள் தெருக் கோடியில் இருக்கும் கணக்கு வாத்தியார்! மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கதவைத் தட்டி வேறு சொல்கிறார். "கதவு ஒழுங்கா மூடுதான்னு பாருங்க சார், ரப்பர் போயிருக்கும்" என்று நான் உள்ளேயிருந்து சொல்கிறேன். அப்புறம் அந்த அறையில் எனக்கு என்ன நடக்கும், சொல்லுங்கள்? வெறும் டப்பாவோடு வெளியே வந்தேன். நர்ஸ் பரிதாபப்பட்டு, "பரவாயில்ல, நாளைக்கு வீட்லேர்ந்தே கொண்டாந்துடுங்க. எப்படின்னுதான் இப்பச் சொன்னேனே" என்றார். நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன்.

இப்போது ஐஸ் பெட்டி. அத்தான், நீங்களே நியாயம் சொல்லுங்கள். பால், மீன், பூ, தடுப்பூசி மருந்து, எது கெடாமல் போய்ச் சேர வேண்டுமென்றாலும் ஊரே என்னிடம்தான் வருகிறது. நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: சூடு ஏற விடாதே. அப்படிப்பட்டவன் தன் சொந்த விஷயத்தில் அசட்டையாக இருப்பானா? தடுப்பூசி கொண்டுபோகிற பெட்டியை எடுத்தேன். நாலு பக்கமும் ஐஸ் கட்டி, நடுவில் டப்பா, உள்ளே ஒரு தெர்மாமீட்டர். இரண்டு டிகிரி! வழி முழுக்க அரை டிகிரி ஏறவில்லை. நர்ஸிடம் கொடுப்பதற்கு முன் பெட்டியிலிருந்து எடுத்து, ஈரம் துடைத்து, பளபளவென்று நீட்டினேன். பெட்டியை மாடிப்படி அடியிலேயே வைத்துவிட்டதால் அது யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. உயிரணு அசைவு: பூஜ்யம்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் நான் மனிதனாக இல்லை. டாக்டரம்மா ஊரில் இல்லை, திங்கட்கிழமைதான் பார்க்க முடியும் என்றார்கள். எட்டு வருடமாக அக்கா கேட்ட கேள்வி எல்லாம் தவறான ஆளிடம் கேட்ட கேள்வி என்பது நெஞ்சில் கல் வைத்தது போல் இருந்தது. ஒரு கம்ப்ரஸரைக் கழற்றி மறுபடி மாட்டும்போது இரண்டு போல்ட்டை மறந்தேன், என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒருநாள் சாயந்திரம் சமையலறை வாசலில் நின்று, "தப்பு என் பேர்லதான். நீ இத்தனை வருஷம் பேச்சு வாங்கினதெல்லாம் எனக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு, வெட்கத்தை விட்டு அழுதேன். உங்கள் தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "சரி. அதனால என்ன இப்போ? மூக்கைத் துடைங்க. நாம ரெண்டு பேர் இருக்கோம்ல?" என்றாள். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் எட்டு வருடத்துக்கும் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருப்பேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்ணிக்கை இருக்கு, ஆனா ஒண்ணுகூட அசையலையே. எப்படிக் கொண்டு வந்தீங்க?" என்றார். அந்தத் துக்கத்திலும் எனக்குத் தொழில் பெருமை விடவில்லை. "டாக்டர், அதுல மட்டும் என்னைக் குறை சொல்ல முடியாது. ரெண்டு டிகிரி. சொட்டு சூடு ஏற விடல" என்றேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு மட்டும் குலுங்கியது. "அது உடம்புச் சூட்டுல வரணுங்க. குளிர்ல வெறைச்சுப் போயிருக்கு. அந்தத் தாள்ல பெரிய எழுத்துல போட்டிருக்கோமே!" என்றார் டாக்டரம்மா. உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள் பாருங்கள், வரிசையில் முந்தினவன்கூட அந்தப் பார்வையை வாங்கியிருக்க மாட்டான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கிளினிக்கிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நிறுத்தவில்லை.

இரண்டாவது தடவை நான் சும்மா விடுவேனா? டப்பாவைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்து, கையை இறுக்கி, மேலே உங்கள் தங்கையின் கம்பளிச் சால்வை. ஒரு மணி நேரத்துக்குள் சேர வேண்டும். ஸ்கூட்டர் ஒரு கையால் ஓட்ட முடியாது, பஸ்ஸில் போனேன். கீழ்த்தளத்தில் எலும்பு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே இருக்கிற வாட்ச்மேன் நல்ல மனிதர், மடங்கிய கையையும் சால்வையையும் என் முகத்தையும் பார்த்து, நான் பேசுவதற்குள் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்! "எங்க விழுந்தீங்க?" "விழலைங்க, மாடிக்குப் போகணும்." "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, முதல்ல எக்ஸ்ரே." எக்ஸ்ரே அறையில் ஒருவர் கையைத் தூக்கச் சொல்கிறார், நான் தூக்க மாட்டேன் என்கிறேன், "ரொம்ப வலிக்குதா?" என்கிறார், "வலியே இல்ல, ஆனா தூக்க மாட்டேன்" என்கிறேன். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் நாற்காலியிலிருந்து குதித்து மாடிப்படியில் ஓடினேன். பின்னால் மூன்று பேர், "சார், கையை ஆட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். ஐம்பத்திரண்டாவது நிமிஷம் நர்ஸ் கையில் டப்பா!

ரிப்போர்ட் என்ன தெரியுமா? எண்ணிக்கை கொஞ்சம் கம்மி, ஆனால் ஓடுகிறது அத்தான், ஓடுகிறது! அந்தத் தாளைப் பர்ஸில் வைத்திருக்கிறேன். உங்கள் தங்கைக்கு எல்லாம் நார்மல், குழாய் எக்ஸ்ரேயிலும் அடைப்பு இல்லை. டாக்டரம்மா வழிகளை விளக்க, நான் என் சர்வீஸ் நோட்டில் குறித்துக்கொண்டேன். முதலில் மாத்திரையும் ஊசியும் போட்டு முட்டை வளர்வதை ஸ்கேனில் பார்த்து நாள் குறிப்பது. அதில் ஆகாவிட்டால் என்னுடையதைச் சுத்தப்படுத்தி நேரே கருப்பையில் செலுத்துவது. அதிலும் ஆகாவிட்டால் வெளியே லேபில் கருவாக்கி உள்ளே வைப்பது. மிச்சக் கருவை மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் பத்திரப்படுத்துவார்களாம். மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு! "அப்போ நான் ரெண்டு டிகிரியில வெச்சது மட்டும் எப்படி டாக்டர் தப்பு?" என்று கேட்டேன். "அதுக்கு முறை இருக்குங்க" என்றார். டேங்க்கைப் பார்க்கலாமா என்றேன், உங்கள் தங்கை மறுபடி காலை மிதித்தாள். முதல் வழியிலேயே ஆரம்பிப்பது என்று முடிவு. குழாய் எக்ஸ்ரே எடுத்தபின் சிலருக்குத் தானாகவே கரு தங்கிவிடுவதும் உண்டு என்று டாக்டரம்மா போகிற போக்கில் ஏதோ சொன்னார், அது எந்த வழியிலும் சேராததால் நான் நோட்டில் எழுதவில்லை.

ஆகவே தங்களிடம் மூன்று வேண்டுகோள். அடுத்த வாரம் இங்கே வருவதாக இருந்த பயணத்தை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள், வீட்டில் அமைதி வேண்டும். தப்பு யார் பேரிலும் இல்லை என்று அக்காவுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த விசேஷக் கேள்வியை இனிமேல் கேட்கவே கூடாது. இது வேண்டுகோள் இல்லை, கண்டிப்பு. எட்டு வருடம் முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

தங்கள் முழங்கால் குணமாகவும், அக்காவின் கோபம் எனக்கு வந்து சேருமுன் ஆறவும் வேண்டிக்கொண்டு, தங்கள் பாதம் பணியும் மைத்துனன். கீழே உங்கள் தங்கைக்கு நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். மேலே படிக்காமல் நலம் விசாரித்து எழுதி, அவளே தபாலில் சேர்த்துவிடுவாள்.

பி.கு. அண்ணா, நான்தான் எழுதுகிறேன். பதினோரு வருட சர்வீஸில் பிறர் கடிதம் படித்ததில்லை, இன்றைக்குப் படித்துவிட்டேன், முழுவதும். திங்கட்கிழமை சிகிச்சை இல்லை. ஆரம்பிக்கும் முன் ஒரு டெஸ்ட் என்று இன்று காலை கிளினிக்கில் கூப்பிட்டார்கள், ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுப் போனேன். நாள் தள்ளிப்போனது பதற்றத்தினால் என்று உங்கள் மைத்துனர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நோட்டில் எழுதாமல் விட்டதுதான் நடந்திருக்கிறது! ரத்தத்திலும் பார்த்து உறுதி சொல்லிவிட்டார்கள். கவுன்டரில் உட்கார்ந்து ஒரே பார்சலுக்கு மூன்று தடவை முத்திரை குத்திவிட்டேன். அவர் ஒரு கோல்டு ஸ்டோரேஜுக்குள் இருக்கிறார், போன் எடுக்கவில்லை, யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது, அதனால் உங்களுக்கு எழுதிவிட்டேன். சாயந்திரம் அவரிடம் சொல்லுவேன், ஐஸ் பெட்டியை முதலில் ஒளித்து வைத்துவிட்டு.

பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், வாருங்கள். அண்ணியிடம் எதையும் விடாமல் படித்துக் காட்டுங்கள், ஐஸ் பெட்டியை இரண்டு தடவை. இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணியை எப்போதும் போலப் போன் செய்யச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்கட்டும். நான் பதில் சொல்ல வேண்டும்.