பச்சைக் கண்ணாடியும் ஆறிப்போன காப்பியும்

"கண்ணாடி புதுசா, அபூ லமீஸ்? ரொம்ப நல்லா இருக்கே" என்றார் மேனேஜர் அபூ காலிப்.

மகள் லமீஸின் பெயரால் 'அபூ லமீஸ்' ஆன வாஸிஃப் வழக்கம்போலச் சொன்னார். "உங்களுக்கே, அபூ காலிப்."

மேனேஜர் கையை நீட்டி, வாஸிஃபின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். மடக்கினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அல்லா உங்க கையில பரக்கத் தரட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு, வாஸிஃபின் முகத்தைப் பார்க்காமலே தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கட்டட அனுமதிப் பிரிவில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் வாயைப் பிளந்தார்கள். வாஸிஃபுக்கு மட்டும் அது தெரியவில்லை. ஒரு முழத்துக்கு அப்பால் அவருக்கு எல்லாமே மூட்டம்.

எங்கள் ஊரில் ஒருவருடைய பொருளை மெச்சினால், அவர் "உங்களுக்கே" என்று சொல்லியாக வேண்டும். மெச்சியவர் "உங்ககிட்ட இருந்தாத்தான் அழகு" என்று சொல்லியாக வேண்டும். இப்படியே எத்தனையோ கார்களும் கைக்கடிகாரங்களும், ஏன், ஒரு முறை ஒரு ஆலிவ் தோட்டமும் கைமாறாமல் கைமாறியிருக்கின்றன. வாங்கிக்கொண்டு போனவர் என்று ஒருவர் இதுவரை இருந்ததில்லை.

"சுப்ஹி, இப்போ என்ன நடந்துச்சு?" என்று வாஸிஃப், பக்கத்தில் தெரிந்த மங்கலான உருவத்திடம் கேட்டார்.

"சுப்ஹி இந்தப் பக்கம், அது அலமாரி" என்றது வேறு பக்கத்திலிருந்து ஒரு குரல். தேநீர் கொண்டுவரும் சுப்ஹியின் குரல்தான். "நீங்க அலமாரிகிட்ட பேசறீங்க, அபூ லமீஸ். உங்க கண்ணாடியை மேனேஜர் எடுத்துக்கிட்டார். அதான் நடந்துச்சு."

அந்தக் கண்ணாடி ஒரு நாள் வயதுக் குழந்தை. சனிக்கிழமைதான் நஜீபின் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்தது. வாஸிஃபுக்கு வேலையை மாமா பார்த்துக் கொடுத்தார், வீட்டை மாமனார் பார்த்துக் கொடுத்தார், சட்டையை மனைவி நுஹா எடுத்துக் கொடுப்பாள். ஐம்பத்து நான்கு வயதில் அவர் தாமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த முதல் பொருள் அது. கிளிப்பச்சை நிறம், ரொட்டித் துண்டு மாதிரி சதுரமான அகலச் சட்டம், காதுப் பக்கம் தங்கப் புள்ளிகள். நுஹா மெல்லிய பழுப்பு ஒன்றைக் காட்டி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "நாலு வருஷமா இந்தப் பச்சை கண்ணாடிப் பெட்டியிலேயே கிடக்கு, அபூ லமீஸ்" என்று நஜீபே மனசாட்சிக்குப் பயந்து சொன்னான். "எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கு" என்றார் வாஸிஃப். பழையதை அங்கேயே குப்பைக் கூடையில் பெருமையோடு போட்டுவிட்டு வந்தார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜாஹா. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முப்பது பேர் திரண்டு வந்து லமீஸைப் பெண் கேட்கப் போகிறார்கள். ஒரே மகள். அவளைக் கொண்டுபோகப் போகிறவன் முகத்தைத் தெளிவாகப் பார்த்த பிறகுதான் சரி என்று சொல்வது என்று வாஸிஃப் மனதுக்குள் வைராக்கியம் வைத்திருந்தார்.

அன்று மதியம் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து நுஹா பதறவில்லை.

"போனா போகுதுங்க. நஜீப்கிட்ட பேசிட்டேன். இன்னிக்கே சொன்னா அந்தப் பழுப்புல லென்ஸ் போட்டு வியாழக்கிழமை கொடுத்துடுவானாம்."

"எப்போ பேசினே? நான் இப்பத்தானே உள்ள வர்றேன்."

"சுவரைத் தடவிக்கிட்டு வந்தீங்களே, அப்போதான்."

வாஸிஃப் மறுத்தார். "நான் இன்னொண்ணு வாங்கினா, அவர் எடுத்தது சரின்னு ஆயிடும். முடியாது. நீ அவர் பெண்டாட்டியோட சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து திராட்சை இலையில சோறு வச்சுச் சுருட்டறவதானே. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"நல்லா இருக்கு. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கச் சொல்றீங்களா? என் மானம் என்ன ஆகிறது?" என்று நுஹா சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் சுப்ஹி ஒரு வழி சொன்னான். "நீங்க போய் அதே கண்ணாடியை மெச்சுங்க. அவர் 'உங்களுக்கே'ன்னு சொல்லித்தான் ஆகணும். சொன்னதும் எடுத்துக்கிட்டு வந்துடுங்க. அவர் பண்ணினதுதானே?"

வாஸிஃப் கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார். கண்ணாடி மேசை மேல், பேனாக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பச்சையாகத் தெரிந்தது. அந்த நிறம் அவருக்குக்கூடத் தெரியும்.

"கண்ணாடி ரொம்ப அழகா இருக்கு, அபூ காலிப்."

மேனேஜருக்கு வியர்த்தது. ஆனால் நாக்கு அதன் வேலையைச் செய்தது. "உங்களுக்கே, அபூ லமீஸ்."

வாஸிஃபின் நாக்கும் அதன் வேலையைச் செய்தது. "உங்ககிட்ட இருந்தாத்தான் அழகு."

சொன்ன மறுகணமே அவர் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் மூச்சு விட்டது வெளியே வரை கேட்டது என்று பிறகு சுப்ஹி சொன்னான்.

"நாப்பது வருஷப் பழக்கம்டா. வாய் அதுவா சொல்லிடுச்சு" என்றார் வாஸிஃப்.

"வாயைக் கட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்" என்றான் சுப்ஹி. "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அந்த மனுஷன் ரெண்டாம் மாடியிலிருந்து கார் நம்பர் படிக்கறவர். அவருக்கு எதுக்குக் கண்ணாடி?"



அன்று இரவு வாஸிஃப் வீட்டில் துழாவியதில் ஒரு குளிர்கண்ணாடி அகப்பட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கபா கடற்கரைக்குப் போனபோது பவர் போட்டுச் செய்தது. அதைப் போட்டுக்கொண்டால் உலகம் ஓரளவு தெரிந்தது, ஆனால் எந்நேரமும் அந்தி நேரமாகத் தெரிந்தது. மறுநாள் அதோடே அலுவலகம் வந்து, அதோடே முத்திரை குத்தினார். கோழிக்கூண்டுக்குக் கூரை மாற்ற மனுக் கொடுத்திருந்த ஒருவருக்கு மூன்றாவது மாடி கட்ட அனுமதி போய்விட்டது. அந்த ஆள் மதியமே ஒரு தட்டு குனாஃபா இனிப்போடு வந்து வாஸிஃபின் நெற்றியில் முத்தமிட்டார்.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "கொஞ்சம் பார்த்து வேலை செய்யுங்க, அபூ லமீஸ்."

"எதைப் போட்டுப் பார்க்கறது, அபூ காலிப்?"

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது என்று சுப்ஹி சொன்னான்.

இதற்குள் ஊர் தன் வேலையை ஆரம்பித்திருந்தது. கட்டடத்துக்குள், நிழலில், தேநீர் குடிக்கும்போதுகூட ஒரு மனிதர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை என்றால் என்ன அர்த்தம்? அழுது அழுது கண் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் பெண் கேட்டு வரும் நேரத்தில் ஏன் அழ வேண்டும்? அன்று மாலையே மாப்பிள்ளையின் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, அவங்க கேக்கறாங்க, உங்களுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலையான்னு" என்றாள் லமீஸ். அவள் குரல் நடுங்கியது. "ராப்பகலா அழறீங்களாம். ஊரே சொல்லுதாம். ஜாஹாவைத் தள்ளி வைக்கலாமான்னு கேக்கறாங்க."

வாஸிஃப் குளிர்கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். அது எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. "தள்ளி வைக்க வேண்டாம்னு சொல்லும்மா. உங்க அப்பா சிரிச்சுக்கிட்டு இருக்கார்னு சொல்லு" என்றார். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவே அவர் நஜீபின் கடைக்கு ஓடினார். நஜீப் கையை விரித்தான்.

"ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா அந்தப் பழுப்பு வியாழக்கிழமை ரெடியாயிருக்கும். இனிமே லென்ஸ் அம்மான்லேருந்து வர சனிக்கிழமை ஆயிடும். உங்க பவர்ல இப்போ கைவசம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. போட்டுப் பார்க்கறீங்களா?"

அது கூடைப்பந்து ஆடும் ஒருவன் செய்யச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளாமல் போனது. கண்ணைச் சுற்றி ஆரஞ்சு நிற ரப்பர். பின்னந்தலையை இறுக்கிப் பிடிக்கும் பட்டை. போட்டதும் காது இரண்டும் மடிந்து முன்னால் வந்தன.

"பந்து நேரா வந்து அடிச்சாலும் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான் நஜீப்.

"நஜீப், வெள்ளிக்கிழமை என் மேல யாரும் பந்து எறியப் போறதில்ல."

"இதைப் பார்த்தா எறிஞ்சாலும் எறிவாங்க. ஆனா தெளிவாத் தெரியுதா, இல்லையா?"

தெளிவாகத்தான் தெரிந்தது. எதிரில் இருந்த கண்ணாடியில் தம் முகமும் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் சங்கடம்.

வீட்டுக்குள் அதோடு நுழைந்தபோது நுஹா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லா, நான் என்ன பண்ணிட்டேன்" என்றாள்.

"நீ என்ன பண்ணினே பாவம்? எல்லாம் அந்த அபூ காலிப் பண்ணினது" என்று வாஸிஃப் அவளைத் தேற்றினார்.

கடைசி வழியையும் சுப்ஹிதான் சொன்னான். "கேட்டா கொடுக்காம இருக்க முடியாதபடி கேட்கணும். ஜாஹா போவோம். பெரியவங்களைக் கூட்டிட்டுப் போய்க் கேட்கறதுதானே ஜாஹா, பொண்ணுக்கு மட்டுமா?"

"கண்ணாடிக்கா?"

"கேட்டதைத் தர்ற வரைக்கும் வீட்டுக்காரர் கொடுக்கற காப்பியைக் குடிக்காம வச்சுட்டா எந்த ஆம்பளையால இல்லைன்னு சொல்ல முடியும்? கொலைக் கேஸே அப்படித்தான் முடியுது. இது கண்ணாடி."

புதன்கிழமை மாலை ஏழு பேர் மேனேஜர் வீட்டுக்குப் போனார்கள். ஆவணப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஹாஜி மிஸ்பாஹ் தலைமை. எண்பது வயது, தங்கக் கரை போட்ட பழுப்பு மேலங்கி, ஊரில் நாற்பது கல்யாணங்களைப் பேசி முடித்த வாய். அவருக்கு வலப்பக்கத்தில் ஆரஞ்சு ரப்பர் கண்ணாடியோடு வாஸிஃப்.

கதவைத் திறந்த அபூ காலிப் ஏழு பேரையும் பார்த்தார். பிறகு வாஸிஃபைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டார். பிறகு வரவேற்று உட்கார வைத்தார். ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி வந்தது. ஹாஜி தம் கிண்ணத்தை வாங்கி, உதட்டருகே கொண்டுபோகாமல், முன்னால் மேசை மேல் வைத்தார்.

"காப்பியைக் குடிங்க, ஹாஜி" என்றார் அபூ காலிப். குரல் கம்மியிருந்தது.

"குடிப்போம்" என்றார் ஹாஜி. "அல்லாவுக்கே எல்லாப் புகழும். நல்லவங்க வாசலைத்தான் நல்லவங்க தட்டுவாங்க. உங்க தகப்பனார் வாசலுக்கு வந்து வெறுங்கையோட திரும்பினவன் கிடையாது. எங்க சகோதரன் வாஸிஃபோட பச்சைக் கண்ணாடி உங்ககிட்ட விருந்தாளியா இருக்கு. அதை அதோட வீட்டுக்கு அனுப்பி வைக்கணும்னு கேட்டு வந்திருக்கோம். அது கிடைக்காம இந்தக் காப்பி எங்க தொண்டையில இறங்காது."

அபூ காலிப் உள்கதவைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சனிக்கிழமை அனுப்பி வைக்கட்டுமா, ஹாஜி?"

"இன்னிக்குப் புதன்கிழமை" என்றார் ஹாஜி.

"தெரியும். சனிக்கிழமை காலையில, முதல் வேலையா, நானே கொண்டுவந்து தர்றேன்."

"காப்பி ஆறுது, அபூ காலிப்."

ஏழு கிண்ணங்களும் ஏழு பேர் முன்னால் தொடாமல் இருந்தன. வாஸிஃபுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மேனேஜரின் உதடு துடித்தது, கண் மறுபடி உள்கதவுக்குப் போனது, தோள் தொங்கியது. பேராசைக்காரனின் முகமாக அது இல்லை. மாட்டிக்கொண்டவனின் முகமாக இருந்தது. வாஸிஃபுக்கே ஒரு நொடி, எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் லமீஸின் நடுங்கிய குரல் நினைவுக்கு வந்தது. அவர் அசையவில்லை.

"குடிங்க, ஹாஜி" என்றார் அபூ காலிப் கடைசியில். "கேட்டது கேட்டவங்களுக்கே. நான் என்ன செய்ய முடியும்?"

உள்ளே போய் ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பச்சைக் கண்ணாடியை வைத்துக் கொண்டுவந்தார். ஏழு பேரும் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்கள். சுப்ஹி கண்ணைத் துடைத்துக்கொண்டான். வாஸிஃப் ரப்பரைக் கழற்றி, தம்முடையதை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை உங்க சம்பந்தி வீட்டார் முன்னாடி இதோடதான் உட்காருவீங்களா?" என்று அபூ காலிப் மெல்லக் கேட்டார்.

"இதோடதான்" என்றார் வாஸிஃப்.

அப்போது உள்கதவு திறந்தது. மேனேஜரின் மனைவி உம் காலிப், தொலைபேசியைக் காதில் வைத்தபடி வாசலில் நின்று, கிளிப்பச்சையாக ஒளிர்ந்த வாஸிஃபை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மன்னிச்சுக்கோ, நுஹா, ஜாஹா முடியற வரைக்கும் இந்தப் பச்சைக் கண்ணாடியை உன் வீட்டுக்காரர் கண்ணுல காட்டாம வச்சிருன்னு நீ கெஞ்சினதுக்காகத்தான் என் வீட்டுக்காரர் நாலு நாளா திருடன் பேர் வாங்கினார், ஆனா இவங்க கண்ணாடிக்கே ஜாஹாவோட வந்துட்டாங்க, கொடுக்காம இருக்க முடியல."