நாலு மணிக்கு ஜிம்

என் வாழ்நாளில் ஜிம் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் போர்ச்சுகீஸில் கேட்டால், தினமும் மாலை நாலு மணிக்கு ஜிம்முக்குப் போகிற ஆள் நான். மொசாம்பிக்கில் இருக்க வேண்டியவன் இன்னும் செந்துறையிலேயே இருப்பதற்கு இந்தப் பொய்தான் காரணம்.

நான் முந்திரி ஆலையில் மெஷின் ஓட்டுபவன். மொசாம்பிக்கிலும் முந்திரி ஆலை உண்டு. இதே மெஷின், நாலு பங்கு சம்பளம். "அங்க போர்ச்சுகீஸ்தாங்க. பத்து நிமிஷம் பேசிக் காட்டிட்டா வேலை உங்களுக்குத்தான்" என்றார் ஏஜென்ட். அன்றே கோவாவில் இருக்கும் தெரேசா டீச்சரிடம் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

அந்தப் பத்து நிமிஷத் தேர்வும் டீச்சரிடம்தான்; அவர் பாஸ் போட்டால் வேலை. வகுப்பு எத்தனை மணிக்கு, எழுவது எப்போது, சாப்பிடுவது எப்போது என்று சொல்ல வேண்டும். "உங்க நாளைச் சொல்லுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். பிளஸ் டூ வரை கைடை மனப்பாடம் செய்தே தேறியவன் கேட்பானா? புத்தகத்தில் ஒரு லிஸ்பன் மாணவனின் நாள் மாதிரிக்குப் போட்டிருந்தது. ஏழுக்கு எழுகிறான், ஒன்பதுக்கு வகுப்பு, நாலுக்கு ஜிம், பத்துக்குப் படுக்கை. அப்படியே விழுங்கினேன். (என் நாளைச் சொல்லலாம்தான். ஆனால் அது வயல் மோட்டாரை ஓட்டும் த்ரீ பேஸ் கரண்ட் கையில் இருக்கிறது. அது எப்போது வரும் என்று தமிழிலேயே யாராலும் சொல்ல முடியாது.)

நாற்பது நாள் விடாமல் உருப்போட்டேன். மெஷின் ஓட்டும்போதும் வண்டி ஓட்டும்போதும் வாய் மூடவில்லை. "யாருகிட்டங்க பேசுறீங்க?" என்று என் மனைவி செல்வி பயந்தே போனாள்.

தேர்வு, சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, போனில் வீடியோ கால். இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. "அகோர்து ஆஷ் செத்", அதாவது ஏழு மணிக்கு எழுகிறேன் என்று கணீரென்று ஆரம்பித்தேன். டீச்சர் முகம் மலர்ந்தது. ஒன்பது மணி வகுப்புக்கு வந்தபோது கொல்லையிலிருந்து செல்வி கத்தினாள்.

"என்னங்க! த்ரீ பேஸ் வந்துட்டுது! சோளம் காயுது, ஓடுங்க!"

காலையில் வர வேண்டிய கரண்ட். வீட்டுக்குப் பின்னால் அரைக்காணி மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரத்தில் வாடி நின்றது. போனை வைத்தால் வேலை போகும், போகாவிட்டால் சோளம் போகும். இரண்டையும் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். போனைச் சட்டைப் பையில் கேமரா வெளியே தெரிகிற மாதிரி செருகினேன். மோட்டாரைப் போட்டேன். மம்பட்டியோடு மடைக்கு ஓடினேன். வாய் மட்டும் நிற்கவே இல்லை.

வாய்க்கால் உடைத்துக்கொண்டது. முழங்கால் சேற்றில் மண் அள்ளிப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தபோது, பையிலிருந்து டீச்சர் போர்ச்சுகீஸில் கேட்டார்: "இப்ப எங்க இருக்கீங்க?"

மணி நாலு பத்து. நாலு மணிக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான்.

"ஜிம்மில்" என்றேன் கம்பீரமாக. குனிந்தேன். போன் சேற்றில் விழுந்தது.

மறுநாள் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. 'உச்சரிப்பு அருமை. ஆனால் அந்த லிஸ்பன் மாணவனுக்குத்தான் என்னால் பாஸ் போட முடியும். நீங்கள் அடுத்த மாதம் வாருங்கள்.'

போனேன். நாலரைக்கு எழுகிறேன், எட்டுக்கு ஆலை, கரண்ட் வந்தால் வயலுக்கு ஓடுகிறேன் என்று என் நாளையே சொன்னேன். பாஸ். ஆனால் அதற்குள் வேறொருவர் விமானம் ஏறிவிட்டார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அடுத்த நிலை வகுப்பில் சேர்ந்தேன். அடுத்த வேலையை விடமாட்டேன்.

நேற்று நான் மடையில் நின்றபோது ஏஜென்ட் போன் செய்தாராம். செல்விதான் எடுத்திருக்கிறாள்.

"அவரா? ஜிம்முக்குப் போயிருக்காருங்க. சோளத்துக்குத் தண்ணி பாஞ்சதும் வந்துடுவாரு."