மிஸ்ர சாபுவில் ஒரு முழங்கால்

கல்கத்தா முழுவதிலும் குதிரையின் காலைப் பார்த்து அதன் ஜாதகத்தையே சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு என்று வைத்தீஸ்வரன் நம்பினார். அந்த ஒருவர் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

இத்தனைக்கும் அவர் குதிரை ஏறியவரில்லை. குதிரையைத் தொட்டவருமில்லை. பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தயத்தில் ஒரு பைசா கட்டியதில்லை. கட்டக் கூடாது என்பது மனைவி மாதங்கியின் சட்டம். அந்தச் சட்டத்துக்கு உட்பட்டு இருபத்தேழு வருஷமாக சனிக்கிழமைதோறும் ரேஸுக்குப் போய்வந்தார். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்துக்கு பேடாக் என்று பெயர். அதன் வெள்ளை வேலிக்கு வெளியே நின்று ஒவ்வொரு குதிரைக்கும் மார்க் போடுவார். வீட்டுக்கு வந்து, எந்தக் குதிரைக்கு எந்தக் காலில் என்ன கோளாறு என்று ராத்திரிச் சாப்பாட்டில் மாதங்கிக்கு விளக்குவார். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே "ம்" கொட்டுவாள். பந்தயம் கட்டாததால் அவருடைய கணிப்பு ஒருநாளும் தோற்றதே இல்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு இந்த ஜனவரியில் யோகம் அடித்தது. பாங்கில் பழக்கமான ஒருவருடைய தேயிலைக் கம்பெனி சனிக்கிழமை ஓட்டம் ஒன்றுக்குக் கோப்பை கொடுக்கிறது. ஓட்டத்துக்கு முன் பேடாக்குக்குள் வந்து, இருப்பதிலேயே நேர்த்தியாகத் தேய்த்துச் சீவி அழகுபடுத்திய குதிரையைத் தேர்ந்தெடுத்து, அதைப் பராமரிக்கும் சயீஸுக்குப் பரிசு கொடுக்க வேண்டும். 'திரு, திருமதி வைத்தீஸ்வரன் அவசியம் வருக' என்று கடிதம் வந்தது.

வேலிக்கு உள்ளே! வைத்தீஸ்வரன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். கண் கலங்கிவிட்டது. வெங்காயம்கூட அருகில் இல்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய இடது முழங்கால் வேலையைக் காட்டியது. உட்கார்ந்தால் வலி, எழுந்தால் அதைவிட வலி. மாதங்கியிடம் சொல்ல முடியாது. முழங்கால் விஷயத்தில் அவள் ரொம்பக் கண்டிப்பு. அவளுடைய அண்ணா வலியை மூன்று வருஷம் மூடி மறைத்து, கடைசியில் ஆபரேஷனில் போய் நின்றவர். வாயைத் திறந்தால் அடுத்த நிமிஷம் டாக்டருக்கு போன் போடுவாள். அந்த எலும்பு டாக்டர் அவர்கள் பேட்டையான டாக்குரியாவில் சேம்பர் வைத்து நோயாளிகளைப் பார்ப்பது வாரத்தில் ஒரே நாள். அது சனிக்கிழமை பிற்பகல்.

ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் வரை இந்தக் கால் நல்ல கால். இப்படி முடிவு செய்துகொண்டு, வியாழக்கிழமை காலை அவர் பெத்துராஜின் கடைக்குப் போனார்.

பெத்துராஜ் டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில் அப்பளம், காபிப்பொடி, நல்லெண்ணெய் விற்பவர். ரேஸ் பித்து. கடையில் பெஞ்சின் மேல் வைத்தீஸ்வரனின் கீழ்வீட்டு வங்காளி பரிமள்-தா, அதாவது பரிமள் அண்ணா, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே பித்து. நாற்பது வருஷம் மதராஸிகளுக்கு நடுவில் குடியிருந்ததில் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தண்ணீர் மட்டும் கங்கைத் தண்ணீர்.

"சனிக்கிழமை நாலாம் நம்பர்," என்றார் பரிமள்-தா. "சுந்தர்பன் ஸ்டார். வேற பேச்சே கிடையாது. அம்மா யாரு, அப்பா யாரு பாருங்கோ. ரொக்தம் மோஷாய், ரொக்தம்!"

"ரத்தத்த எப்படிப் பாக்குறது? ஊசி போட்டா?" என்றார் பெத்துராஜ். "காதப் பாக்கணும். ரெண்டு காதும் முன்னால நிமிந்து நின்னா, ஓடணும்னு நெனக்கிற குதிர. பின்னால மடிஞ்சிருந்தா அதுக்கு வீட்டு ஞாபகம்."

"காதாலயாய்யா ஓடறது?" என்று வைத்தீஸ்வரன் குறுக்கே பாய்ந்தார். "கால்! அதுவும் நடக்கறச்சே பாக்கணும். நொண்டற கால் தரைல பட்டா தலை மேல போகும். நல்ல கால் பட்டா கீழ வரும். குதிரை எத்தனை கெட்டிக்காரனா இருந்தாலும் தலை காட்டிக் குடுத்துடும். இதோ பாருங்கோ, ஒழுங்கான நடைன்னா என்னன்னு காட்டறேன்."

எண்ணெய் டின்னிலிருந்து தேங்காய் மூட்டை வரை கம்பீரமாக நடந்து காட்டினார்.

பெத்துராஜ் தராசைக் கீழே வைத்தார்.

"சார்," என்றார் பெத்துராஜ். "ஒங்க தல மேல போகுதே."

"எங்க போறது?"

"எடது கால் படும்போதுல்லாம் போகுது."

பரிமள்-தா எழுந்து வந்து அவரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "உங்க பாபாவுக்கு முழங்கால் வலி இருந்துதா? இல்லே, அம்மா வழியா?"

"அந்த மங்கி குல்லாயக் கழட்டுங்க சார், காதப் பாத்துருவோம்," என்றார் பெத்துராஜ்.

வைத்தீஸ்வரன் குல்லாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உண்மையை ஒப்புக்கொண்டார். மாதங்கிக்குத் தெரிந்தால் சனிக்கிழமை போச்சு என்றும் சொன்னார். மூன்று பேருக்கும் அது துக்கச் செய்தியாகத்தான் இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் அவர்களில் ஒருவன் முதல்முறையாக வேலிக்குள் போகிறான்.

அப்போதுதான் வைத்தீஸ்வரனுக்கு அது ஞாபகம் வந்தது. நொண்டிக் குதிரையை நல்ல குதிரை என்று விற்பதற்குப் பழைய காலத்துத் தரகர்கள் செய்த தந்திரம். நொண்டும் காலை விட்டுவிடுவார்கள். நல்ல காலின் குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவில் ஒரு கூழாங்கல்லைச் செருகிவிடுவார்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி வலித்தால் எந்தக் காலைத் தூக்குவது என்று குதிரைக்குத் தெரியாது. நடை சமமாகிவிடும்.

"பெத்துராஜ், ஒரு கொண்டைக்கடலை எடும்."

"குதிரைக்குக் கொள்ளு, சாருக்குக் கொண்டக்கடலையா?" என்று சிரித்தபடியே பெத்துராஜ் மூட்டையில் கைவிட்டுத் துழாவி, இருப்பதில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை வைத்தீஸ்வரன் சாக்ஸ் மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். கல்கத்தாக் குளிரில் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொள்வதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. வலது சாக்ஸில் குதிகாலுக்கு அடியில் கடலை இருந்தது. இடது காலில் கடவுள் கொடுத்த வலி, வலது காலில் பெத்துராஜ் கொடுத்த வலி. இரண்டும் சரிக்குச் சரி.

மாதங்கி பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். அன்றைய வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது.

"ஏன்னா, சித்த உள்ளேந்து ஒரு பாத்திரம் எடுத்துண்டு வாங்கோளேன்."

எடுத்துவந்தார். கவர்னர் அணிவகுப்பைப் பார்வையிடப் போகிற நடை.

"அப்படியே என் கண்ணாடி?"

கொண்டுவந்தார்.

"இது படிக்கற கண்ணாடின்னா. இன்னொண்ணு."

அதையும் கொண்டுவந்தார். நெற்றியில் வியர்த்தது. ஜனவரியில்.

"மேஜைக்கு அந்தண்டை ஒரு பட்டாணி உருண்டு போச்சு. சுத்திண்டு போய்ப் பாருங்கோ."

சுற்றிக்கொண்டு போனார். பட்டாணி இல்லை. மறுபடி சுற்றிக்கொண்டு வந்தார். மாதங்கி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூக்கம் போலிருக்கிறது, பாவம், காலை ஐந்து மணியிலிருந்து வேலை என்று நினைத்துக்கொண்டார்.

"நன்னா நடக்கறேள்," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

வைத்தீஸ்வரன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வலது காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார். நாட்டிலுள்ள குதிரைத் தரகர்கள் அத்தனை பேரும் வந்து அவரிடம் பாடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

சனிக்கிழமை. கோட்டு, டை, பளபளவென்று ஷூ. கடலை தன் இடத்தில். மாதங்கியும் அரக்குப் பட்டு கட்டித் தயாராக இருந்தாள். காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"வலது கால் சாக்ஸைக் கழட்டுங்கோ."

"எதுக்கு?"

"உள்ள இருக்கறதை எடுத்துண்டு சுண்டலுக்கு ஊறப் போடணும்."

வைத்தீஸ்வரன் காபியைக் கீழே வைத்தார். "நோக்கு... எப்படித் தெரியும்?"

"ரெண்டு வாரமா நீங்க மிஸ்ர சாபுல நடந்திண்டிருக்கேள். தகிட, தகதிமி. ஒரு கால் மூணு, ஒரு கால் நாலு. அடுக்களைல இருந்தாக்கூட நேக்குக் காதுல விழாதா? முப்பத்தஞ்சு வருஷமா ஆதி தாளத்துல நடந்த மனுஷர்! சரி, வாயைத் திறந்து சொல்றேளான்னு பாத்தேன். நேத்திக்குத் திடீர்னு தாளம் சரியாயிடுத்து."

"சரியாயிடுத்தோன்னோ! அப்பறம் என்ன?"

"தாளம் சரியாயிடுத்து, காலப்பிரமாணம் விழுந்துடுத்தே! ரொம்ப விளம்பம், இழுத்து இழுத்து. ரெண்டு காலும் வலிச்சாத்தான் அப்படி விழும். நல்ல கால் குளம்புல கல்லு வெச்சு நடையைச் சமன் பண்றதுன்னு ஒரு சமாசாரம் உண்டே, அதை நேக்கு யார் சொன்னா? ரசம் சாதம் சாப்பிடறச்சே ஒரு நாள், மோர் சாதம் சாப்பிடறச்சே ஒரு நாள், ரெண்டு தரம் சொல்லியிருக்கேள். நேத்திக்கு நீங்க கழட்டிப் போட்ட சாக்ஸுல கடலைத் தோலும் இருந்துது."

அத்தனை வருஷமும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது வைத்தீஸ்வரனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மூணு மணிக்கு டாக்டர். பேர் குடுத்தாச்சு," என்றாள்.

"மாதங்கி, இருபத்தேழு வருஷம்டி!" கடிதத்தை எடுத்து நீட்டினார். "ஒரே ஒரு தரம் உள்ள போயிட்டு வந்துடறேன். அடுத்த வாரம் எந்த டாக்டர்னாலும் வரேன்."

மாதங்கிக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஆசை நேக்குத் தெரியாதா? ஆனா அண்ணாவும் இதேதான் சொன்னார், அடுத்த வாரம், அடுத்த வாரம்னு. அங்க மூணு மணி நேரம் இந்தக் காலோட நிக்க விடமாட்டேன். கடுதாசுல திரு, திருமதின்னுதானே போட்டிருக்கு? திருமதி போயிட்டு வரேன். பெத்துராஜும் பரிமள்-தாவும் இருக்கா."

"நோக்குக் குதிரையைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாது. நீங்கதான் போன்ல சொல்லணும்."

அவ்வளவுதான், வைத்தீஸ்வரனுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. வேலிக்குள் போவது அவள் காலாக இருக்கலாம். பார்ப்பது இவர் கண். தீர்ப்பு இவருடையது. நல்ல ஏற்பாடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

டாக்டர் சேம்பரில் பதினோராவது நம்பர். மூன்றே காலுக்கு வீடியோ கால் வந்தது. திரையில் மாதங்கி, அவளுக்குப் பின்னால் வெள்ளை வேலி, வேலிக்கு வெளியே பெத்துராஜும் பரிமள்-தாவும். வைத்தீஸ்வரனுக்கு ஒரு நிமிஷம் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. இந்த வேலியை இந்தப் பக்கத்திலிருந்து அவர் பார்த்ததே இல்லை.

"ஒவ்வொண்ணா காட்டு. ம், மூணு வேண்டாம். நாலு! நிறுத்து, நிறுத்து. ஆஹா, கால்னா இது கால்! தூண் மாதிரி. சுந்தர்பன் ஸ்டார்தானே? மாதங்கி, கண்ணை மூடிண்டு நாலாம் நம்பருக்குக் குடு!"

"கண்ணை மூடிண்டா? சரி," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

வைத்தீஸ்வரன் பக்கத்தில் இருந்த நோயாளிகளுக்கெல்லாம் குதிரைக் கால் பற்றி வங்காள மொழியில் ஒரு சிறு பிரசங்கம் செய்தார். பிறகு டாக்டர் கூப்பிட்டார். முழங்காலை மடக்கினார், நீட்டினார், "அந்தச் சுவர் வரைக்கும் நடந்து திரும்பி வாங்க" என்றார். ஆறு வாரம் ஓய்வு. நிற்கக் கூடாது. மாடிப்படி அளவோடுதான். நல்ல வேளையாக இப்போதே வந்தீர்கள், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் சிரமம் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் பெத்துராஜின் போன்.

"சார்! அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? குதிரைங்க சுத்தி வரும்போது கண்ண மூடிக்கிட்டு நின்னாங்க. எல்லாரும் பிரார்த்தனன்னு நெனச்சோம். நாலாம் நம்பர் தாண்டிப் போச்சு. கண்ணத் தெறந்து, 'இது மிச்ச சாப்பாடு'ன்னாங்க."

"மிஸ்ர சாபுய்யா."

"அதான். எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. அஞ்சு நிமிசத்துல மைதானத்துக் குதிர டாக்டர் வந்து காலத் தொட்டுப் பாத்தாரு, சூடா இருக்காம், நாலாம் நம்பர ஓட்டத்துலேருந்தே எடுத்துட்டாங்க!"

வைத்தீஸ்வரன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "அப்ப பரிசு?"

"ஆறாம் நம்பருக்கு. பிடரியில பதிமூணு பின்னலு, ஒரு முடி பிசிறல. 'சீவிச் சிங்காரிச்சதுக்குத்தானே பரிசு, காலுக்கு இல்லியே'ன்னு அம்மா கேட்டாங்க பாருங்க, கம்பெனிக்காரங்க கை தட்டிட்டாங்க. அந்த சயீஸ் அழுதுட்டான் சார். பரிமள்-தா இப்ப அம்மாவோட அம்மா யாரு, அப்பா யாருன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்காரு."

வைத்தீஸ்வரனுக்கு மாதங்கியை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், குரலில் கொஞ்சம் அதிகாரத்தை வரவழைத்துக்கொண்டார்.

"சரி, சரி. டாக்டர் என்னை ஆறு வாரம் வரக் கூடாதுன்னுட்டார். கவலைப்படாதீர், நான் எப்படியாவது மூணே வாரத்துல சரி பண்ணிண்டு வந்துடறேன்."

"ஐயோ, அவசரமே இல்ல சார்," என்றார் பெத்துராஜ். "அம்மா அடுத்த சனிக்கிழம வர்றேன்னு சொல்லிட்டாங்க, நீங்க நல்லா நிதானமா படுத்துக் கெடங்க."