ஒன்றுதான்காரர்

சிங்கப்பூரில் மைனாவுக்கு அடுத்தபடியாக எங்கும் தென்படுகிற ஓர் இனம் உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்காரர். சாதுவான இனம், கடிக்காது. இரண்டு மதத்தார் ஒரே மேசையில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ வந்து உட்கார்ந்து, அவர்களுக்குள் இல்லாத சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டு, பாயசத்தையும் முடித்துவிட்டுப் போகும்.

சில வருடங்கள் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். இஸ்தான்புல் விடுதி ஒன்றில் இந்த இனத்தைப் பார்த்தேன். லிஸ்பனில் ஒரு ரயிலிலும் பார்த்தேன். ஆனால் நம் ஊர் ரகம் தனி. ஏன் தெரியுமா? நம் ஊரில் அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிடுகிறோம்.

எங்கள் சிராங்கூன் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் திரு வெங்கடேஷை எடுத்துக்கொள்ளுங்கள். பணி ஓய்வு பெற்றவர், நல்லவர், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் கதவைத் தட்டுகிறவர். தேக்கா சந்தையில் அடுத்தடுத்த இரண்டு கடைகளின் தோசைச் சட்னிகளுக்கு இடையே என்ன வேறுபாடு என்று கேட்டால், ஒன்றில் பொட்டுக்கடலை தூக்கல், மற்றதில் தேங்காய் முற்றல், அரைப்பதும் வேறு, தாளிப்பதும் வேறு என்று உங்கள் தோசை ஆறிப்போகும்வரை விளக்குவார். இரண்டும் ஒன்றுதானே என்று சொல்லிப் பாருங்கள். அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

ஆனால் இயேசுவைப் பற்றிக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சொல்வது?

"ரெண்டும் ஒண்ணுதான் லா."

ஒன்றுதானா? கன்னி மரியாளிடம் பிறந்தார், நோயாளிகளைக் குணமாக்கினார், ஒருநாள் திரும்பி வருவார் என்பதுவரை இரு தரப்பும் சேர்ந்துதான் நடக்கிறது. முஸ்லிம்கள் ஈசா நபி என்று அவர் பெயரைச் சொன்னால் கூடவே 'அவர்மீது சாந்தி உண்டாகட்டும்' என்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. கிறிஸ்தவருக்கு அவர் தேவகுமாரன், சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தவர்; அதை எடுத்துவிட்டால் அவர்கள் மதத்தில் மிச்சம் என்ன? முஸ்லிமுக்கு அவர் மாபெரும் இறைத்தூதர்களில் ஒருவர். இறைவனுக்கு மகன் உண்டு என்று சொல்லவே கூடாது. அவர் சிலுவையில் கொல்லப்படவுமில்லை, இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான். அதை விட்டுக்கொடுத்தால் இவர்களிடம் மிச்சம் என்ன? இத்தனையையும் வெங்கடேஷ் ஈ ஓட்டுவதைப்போல ஒரு கையசைப்பில் ஓட்டிவிட்டு, "நம்ம அவதாரம் மாதிரிதான்" என்பார்.

கவனித்தீர்களா? எல்லாம் ஒன்றுதான். அந்த ஒன்று மட்டும் எப்போதும் அவர் வீட்டுப் பூசை அறையிலேயே இருக்கும்.

போன மாதம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு விருந்து. யாழ்ப்பாண வழி வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை கீதன். அவனுடைய குழந்தைக்கு அன்று காலைதான் தேவாலயத்தில் ஞானஸ்நானம் ஆகியிருந்தது. கீதனின் பள்ளித் தோழன் நூர்தீன் சுவா சூ காங்கிலிருந்து தன் வாப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தான். தொழுகை தவறாத மனிதர் வாப்பா, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக் யாரிடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உணவு பரிமாறப்படுவதற்கு முன் நல்லிணக்கம் பற்றிப் பேசிக்கொண்டேபோன வெங்கடேஷுக்குத் திடீரென்று ஓர் அருமையான யோசனை வந்தது. நூர்தீனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தித் தோளில் கைபோட்டார்.

"இயேசு கடவுளோட மகன்னு நீங்களும் ஒத்துக்குவீங்கதானே? எல்லாம் ஒண்ணுதானே? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க தம்பி."

மைக் நூர்தீனின் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஆமாம் என்றால் வாப்பாவின் முன்னிலையில் தன் ஈமானை, இறைநம்பிக்கையை, விட்டுக்கொடுத்தவன் ஆவான். இல்லை என்றால் நண்பனின் குழந்தைக்கான நாளில், அத்தனை உறவினர் முன்னால், அவர்கள் காலையில் தேவாலயத்தில் தங்கள் விசுவாசமாக அறிக்கையிட்டுவிட்டு வந்ததை மறுத்தவன் ஆவான். கீதனின் அம்மா யோகம் தரையைப் பார்த்தார்.

"இல்ல அங்கிள்," என்றான் நூர்தீன். "எங்களுக்கு அவர் நபி. மகன் இல்ல. இதைக் கீதன்கிட்ட செகண்டரி டூ படிக்கறப்பவே சொல்லிட்டேன். அவன் அழுதுட்டான்."

"நான் எங்கடா அழுதேன்? நீதான் அழுத," என்றது கீதனின் குரல் குழந்தையின் தொட்டில் பக்கத்திலிருந்து.

"சரி, ரெண்டு பேரும் அழுதோம். ஒரு டெர்ம் முழுக்கப் பேசிக்கல. அப்புறம் ஒரு நாள் பஸ்ல வந்து பக்கத்துல உக்காந்தான். அவனும் மாறல, நானும் மாறல." நூர்தீன் மைக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். "கஷ்டப்பட்டுப் போட்ட சண்டை அங்கிள் அது. ஒண்ணுமே இல்லன்னு ஆக்கிடாதீங்க. பாப்பா நல்லா இருக்கணும்னு துஆ கேக்கத்தான் வந்தேன்."

யாரும் கைதட்டவில்லை. வாப்பா மட்டும் தம் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைத் தட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரும்படி கீதனுக்குச் சைகை காட்டினார். கீதன் வந்து உட்கார்ந்தான். யோகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்துபோய் வாப்பாவின் தட்டை வாங்கி, ஹலால் உணவு தனியாக வைத்திருந்த மேசையிலிருந்து தானே பரிமாறினார். தனி மேசை. அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டவரும் அவர்தான்.

மைக் வெங்கடேஷிடம் திரும்பி வந்தது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை.

"பாத்தீங்களா?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இதைத்தானே நானும் அப்பவே சொன்னேன்."

வாசகரே, இந்த இனத்தை அடையாளம் காண்பதற்கு ஒரே ஒரு சோதனைதான் உண்டு. நீங்கள் அதை இப்போதே, உட்கார்ந்த இடத்திலேயே செய்து பார்த்துக்கொள்ளலாம். இதுவரை படித்ததில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? "சரியாகச் சொன்னாய் அம்மா, நானும் இத்தனை நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றா?

வெங்கடேஷிடமும் இதைப் படிக்கக் கொடுத்தேன். அவரும் அதைத்தான் சொன்னார்.