கலங்கல் டாக்டரின் உள்சட்டை

ஐம்பதுகளின் கடைசியில் கோடைக்கானலில் இருந்த கிருமிகளில் முக்கால்வாசி ஒரே ஒரு மனிதரின் உள்சட்டைக்குள் சுகமாகக் குடியிருந்தன என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்தக் குடியிருப்புக்கு நானே ஒரு குடும்பத்தை அனுப்பி வைத்தவன்.

அவர் பல் டாக்டர். பலகையில் பெயர் எழுதியிருந்தது. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் கலங்கல் டாக்டர்.

நான் தபாலாபீசில் புதுக் குமாஸ்தா. பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகன், ஆகவே சொத்தைப் பல்லோடுதான் மலையேறினேன். சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் அந்த ஊரில் பேச்சுத் துணைக்கு நாதி கிடையாது. கவுண்டரில் "கவர் ஒண்ணு" என்பார்கள்; கொடுப்பேன்; போய்விடுவார்கள். அறைக்குத் திரும்பினால் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். அதோடும் பேசிப் பார்த்திருக்கிறேன்.

கன்னம் வீங்கிய அன்று அவரிடம் போய், "புடுங்கிருங்க சார்" என்றேன்.

"புடுங்குறதுக்குக் குறடு போதும். டாக்டர் எதுக்கு?" என்று கோபித்துக்கொண்டார்.

பல்லைக் குடைந்து, வேர்வரை ஊசி அரத்தை விட்டுச் சுரண்டி, நுரைக்கிற மருந்தால் கழுவி, கற்பூர நெடியடிக்கும் இன்னொரு மருந்தை உள்ளே வைத்து மூடினார். அடுத்த சனிக்கிழமை திறந்து, ஒரு காகிதக் குச்சியை வேருக்குள் விட்டெடுத்து, எலும்புச் சாறு நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குழாயில் போட்டு அடைத்தார். கிருமி மிச்சமிருந்தால் சாறு கலங்கும். அடுத்தடுத்து இரண்டு முறை தெளிவாக இருந்தால்தான் பல்லை நிரந்தரமாக அடைப்பார். சாறு அவரே காய்ச்சுவது. பாதி குழாய்க்கு, பாதி சோற்றுக்கு.

கிருமி வளர உடம்புச் சூடு வேண்டும். கோடைக்கானல் குளிரில் மனிதனே வளர யோசிப்பான். அதற்கான மின்சாரப் பெட்டி அவரிடம் இல்லை. ஆகவே குழாய்களைத் தன் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள, வரிசை வரிசையாகப் பை வைத்து ஓர் உள்சட்டை தைக்கச் சொன்னார்.

"தோட்டா வைக்கவாங்க?" என்றாராம் தையற்காரர்.

"இல்லப்பா, பல்லுக் கிருமி."

அதற்குப் பிறகு தையற்காரர் அவரைத் தூர நிறுத்திக் கண்ணாலேயே அளவெடுத்தார்.

ஒருமுறை டாக்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மிளகு ரசத்தோடு போனேன். மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நூத்தி ரெண்டு, தம்பி! உங்க கிருமிக்கு இப்படி ஒரு யோகம் இனி வராது" என்றார். காய்ச்சல் மாத்திரைகள் தலையணைக்கு அடியில் ஒளிந்திருந்தன.

சனிக்கிழமைதோறும் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "கலங்கல்" என்பார். மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மருந்தை மாற்றிவிட்டு இரண்டு டம்ளர் காப்பி போடுவார். ஆடலூர்ப் பக்கம் திரியும் யானைக்குத் தந்தம் வலித்தால் என்ன வைத்தியம் என்று வாதாடுவோம். வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசியது அந்த ஒரு சாயங்காலம்தான். அதிலும் பாதி நேரம் வாய்க்குள் அவர் கை இருக்கும். அவர் வீட்டிலும் வேறு யாரும் இல்லை. பல் சரியாகிவிட்டால் எனக்கு அங்கே வேலையில்லை.

ஏழாவது வாரம் சாறு தெளிந்துவிட்டது. எட்டாவது வாரமும் அப்படியே.

"நல்லாப் பாருங்க சார். ஓரத்துல லேசாக் கலங்குன மாதிரி கெடக்கே?"

"அது மேகம், தம்பி. ஜன்னலுக்கு வெளிய போகுது."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். பல்லை அடைத்தார், கையைக் கழுவினார். அன்று காப்பி குடிக்கும்போது யானைக்குத் தந்தம் வலிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கால் தானாக அங்கே போய் நின்றது. வெட்கத்தை விட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"இந்த வாயில வலிக்கிற பல்லு ஒண்ணும் இல்லையே."

நான் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மேல்கோட்டைக் கழற்றி, உள்சட்டையிலிருந்து மூன்று குழாய்களை உருவினார்.

"ட்யூபு ரொம்பச் சேந்துபோச்சு தம்பி, எனக்குப் பை பத்தல. இதை மட்டும் நீங்க வச்சுக்கங்க. அக்குள்ல இருக்கணும், சூடு கொறையக் கூடாது. வர்ற சனிக்கிழமை வெள்ளனே கொண்டாந்துருங்க."

வாங்கிக்கொள்ளும்போது பார்த்தேன். அந்த மழைமாதத்தில் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களே அந்த மூன்று குழாய்க்காரர்கள்தான் போலிருக்கிறது. உள்சட்டையின் பைகள் அத்தனையும் காலி.