கரி மிச்சம்

கணினித் திரையில் மறுபடியும் சிவப்பு எண் வந்ததும் தென்றல் அறக்கட்டளைப் படிவத்தை முதலிலிருந்து நிரப்பத் தொடங்கினாள்.

திருவண்ணாமலை செங்கம் சாலையில் இருந்த சமுதாயச் சமையல்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மார்க்கெட்டில் விற்காமல் குப்பைக்குப் போகிற காய்கறியை வாங்கி வந்து, நாள்தோறும் இருநூறு பேருக்கு மதியச் சாப்பாடு போடுகிற இடம். இதனால் எவ்வளவு கார்பன் காற்றில் கலக்காமல் மிச்சமாகிறது என்று கணக்குக் காட்டினால்தான் சென்னை அறக்கட்டளை அடுத்த வருஷமும் அரிசி தரும். தென்றல் போட்ட கணக்கில், மிச்சம் பிடித்ததைவிடக் கிளப்பிவிட்டதுதான் அதிகம்.

"எவ்ளோ கரி மிச்சமாச்சுன்னு கேக்கறாங்கம்மா," என்றாள் சமையல்கார ஜோதியம்மாளிடம்.

"அடுப்புல நெறய கெடக்குது பாப்பா. சாக்கு எடுத்துனு வா."

காய் ஏற்றி வரும் டீசல் ஆட்டோதான் குற்றவாளி என்று தென்றல் முடிவு கட்டினாள். மறுநாளே மூன்று சக்கர மிதிவண்டி ஏற்பாடானது. வெயிலில் அது ஊர்ந்து வந்து சேர்வதற்குள் கீரை வாடி, தக்காளி கூழாகி, பாதிக் காய் குப்பைக்கே போனது. அழுகிய காய்க்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. சிவப்பு எண் இன்னும் பெருத்தது.

அடுத்து விறகில் கை வைத்தாள். "பாதி விறகுல சமைச்சுடுங்கம்மா."

"சமைக்கறேன். சோறு ஒத்துக்குதான்னு பாரு."

சோறு ஒத்துக்கொள்ளவில்லை. அரைவேக்காட்டை யாரும் தொடவில்லை. மறுபடி உலை வைத்ததில், ஒரே நாளில் இரண்டு நாள் விறகு எரிந்தது.

செயலாளர் இராமலிங்கம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாவணும். பழைய நோட்டுல எதுனா ஒரு மாசம் நல்லா இருந்தா, அத மட்டும் அனுப்பும்மா."

தென்றல் பழைய நோட்டுகளைப் புரட்டினாள். மார்ச் மாதத்தில் விறகும் இல்லை, டீசலும் இல்லை. மாடியில் யாரோ வெளிநாட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன சூரிய அடுப்பு அவள் நினைவுக்கு வந்தது. சாப்பிட்டவர்கள் இருநூறு பேர் என்று எல்லா மாதத்துக்கும் படிவம் தானாகவே போட்டுக்கொண்டு, அதை வைத்தே மிச்சத்தையும் கணக்கிடும். எண் பச்சையாக வந்தது, அதுவும் கொழுத்த எண். 'சூரிய ஒளியில் சமைக்கப்பட்டது' என்று எழுதி அனுப்பினாள். யாரையும் கேட்காமல் எழுதியதில் மனசு உறுத்தத்தான் செய்தது. இருநூறு தட்டுகளை நினைத்ததும் உறுத்தல் கம்மியாகிவிட்டது.

பத்தே நாளில் அறக்கட்டளை அதிகாரி வல்லரசு பொன்னாடையோடு நேரில் வந்து இறங்கினார்.

"நாப்பது ஊர்ல சமையல்கூடம் நடத்தறோம். மார்ச்ல நீங்க காட்டின நம்பர் பக்கத்துல ஒருத்தரும் வரலைங்க. இனிமே எல்லா ஊருக்கும் இதுதான் அளவு. நீங்களும் மாசாமாசம் இதே போல நடத்துங்க, அஞ்சு வருஷத்துக்கு அரிசி நாங்க தர்றோம்."

தென்றலுக்கு அப்பாடா என்றிருந்தது. வல்லரசு ஜோதியம்மாளுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அந்த மாசம் எப்படி சமைச்சீங்க, கொஞ்சம் சொல்லுங்கம்மா. மத்த ஊர்க்காரங்க பாத்துக் கத்துக்கட்டும்."

ஜோதியம்மாள் கூச்சத்தோடு பொன்னாடையைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் எங்க சார் சமைச்சேன்? பொண்ணு பிரசவத்துக்குன்னு கீழ்பென்னாத்தூர் போயிட்டேன், மாசம் பூரா கூடம் பூட்டித்தான கெடந்துது."